வல்லநாட்டு வெளிமான் கூட்டமும் என் புது வைட் லென்ஸும்: எல்லாம் கடுகு மாதிரி வருகிறது, என்ன செய்ய?

பாளை சைக்கிள் | டிசம்பர் 28, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் போன மாதம் 16-35 மி.மீ. வைட் லென்ஸ், அதாவது அகலமாகக் காட்டும் லென்ஸ், வாங்கினேன். மழை முடிந்து காடு பச்சையாகக் கிடக்கிறது என்றார்கள். சனிக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு வல்லநாடு வெளிமான் சரணாலயத்துக்குப் போனேன். போன நேரம் நல்ல நேரம். பொத்தை (சின்னக் குன்று) அடிவாரத்தில் பன்னிரண்டு வெளிமான் நின்றன. கறுத்த கலை (ஆண் மான்) ஒன்று, மற்றதெல்லாம் பிணையும் (பெண் மான்) குட்டியும். மேலே மழை விட்ட மேகம். கை நடுங்க நடுங்க நூறு படமாவது எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் மனசே விட்டுப்போயிற்று. படத்தில் பாதி சரளைக்கல். மேல்பாதி வானம். நடுவில் யாரோ கடுகைச் சிந்தியது மாதிரி பன்னிரண்டு புள்ளி. நேரில் அண்ணாந்து பார்த்த பொத்தை படத்தில் இட்லி அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் எடுக்கிறார்களே, புல்வெளி முழுக்க மிருகக் கூட்டம், மேலே பெரிய வானம், அந்த மாதிரி ஒரு படம் நம் ஊரில் எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. தப்பு லென்ஸிலா, தூரத்திலா, என்னிடமா?

தச்சநல்லூர் தம்பி | டிசம்பர் 28, இரவு 9:31

தூரத்தைக் கிட்டே இழுக்கும் 400 மி.மீ. லென்ஸ் வாங்குங்கள். பிரச்சினை முடிந்தது.

பாளை சைக்கிள் | டிசம்பர் 28, இரவு 9:40

அடுத்த சீட்டு எடுக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும் தம்பி.

கொக்கிரகுளம் | டிசம்பர் 29, காலை 5:50

தம்பி, 400 லென்ஸில் ஒரு மானின் முகம் கிடைக்கும். நீங்கள் கேட்பது வேறு. உங்களுக்கு ஊரும் வேண்டும், கூட்டமும் வேண்டும். அதற்கு முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் வாத்தியாராக இருந்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிமான் தோள் உயரம் சுமார் 80 செ.மீ. நீங்கள் நின்றது 150 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். 16 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேம் கேமரா. அந்த மான் படத்தில் 14 பிக்சல், அதாவது 14 புள்ளி, உயரம்தான் வரும். படத்தின் மொத்த உயரம் 4,000 பிக்சல். கடுகு என்று நீங்கள் சொன்னது சரியான அளவுதான். அதே இடத்தில் நின்று 35-இல் எடுத்தால் 31 பிக்சல். 85-இல் எடுத்தால் 76.

பொத்தைக்கும் இதே கணக்குத்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளி 100 மீட்டர் எழும்பி நிற்கும் குன்று 16 மி.மீ.யில் படத்தின் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. இட்லிதான் வரும். 85-இல் அது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே வந்துவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லென்ஸை மாற்றினால் மானும் பெரிதாகும், பொத்தையும் பெரிதாகும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அதை மாற்றுவது நாம் நிற்கும் இடம். பின்னால் தள்ளிப் போகப் போக மானுக்குப் பக்கத்தில் பொத்தை பெரிதாகிக்கொண்டே வரும். மான் கூட்டத்தை ஒரு பெரிய மலைக்கடியில் காட்ட வேண்டுமென்றால் கிட்டே போகாமல் விலகிப் போய், கொஞ்சம் நீளமான லென்ஸ் போடுங்கள். நான் பார்த்து வியந்த பரந்த வெளிப் படங்களில் நிறைய 70-க்கும் 200-க்கும் நடுவில் எடுத்தவை. அகலமாகத் தெரிகிறதே என்று அகல லென்ஸில் எடுத்ததாக நினைத்துவிடுகிறோம்.

பாளை சைக்கிள் | டிசம்பர் 29, காலை 7:15

அண்ணாச்சி, அப்படியானால் லென்ஸை விற்றுவிட வேண்டியதுதானா? பெட்டிகூட இன்னும் புதுசாக இருக்கிறது.

கொக்கிரகுளம் | டிசம்பர் 29, காலை 7:22

விற்க வேண்டாம். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

கிடைக்காரன் மகன் | டிசம்பர் 29, காலை 8:05

அண்ணாச்சி வரும் முன்னே நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேமரா அவ்வளவாகத் தெரியாது, போனில் எடுக்கிற ஆள். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடை போடுகிறோம், ஆட்டு மந்தையை வயலில் அடைக்கிற தொழில். கூட்டம் எப்போது விரியும், எப்போது கூடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

செம்மறியும் வெள்ளாடும் ஒன்றுபோல நிற்காது. வெள்ளாடு தழையைத் தேடி ஆளுக்கொரு திசையில் போகும். கொடி ஆட்டை ஒரு உடைமரத்தடியில் விட்டால் முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்து நிற்கும், அதைப் படமெடுத்தால் தூரத்திலிருந்தும் ஆடு என்று தெரியும். செம்மறி தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒட்டி ஒட்டி மேயும். உச்சிவெயில் ஏறினால் ஒன்றன் வயிற்றடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டு ஒரே கட்டியாக நின்றுவிடும். அந்த நேரத்தில் எத்தனை ஆடு என்று எங்கள் அப்பாவாலேயே எண்ண முடியாது. விடிந்து ஒரு மணி நேரமும், பொழுது சாய்கிற நேரமும்தான் கூட்டம் விரிந்து மேயும்.

மானுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன். கயத்தாறு பக்கம் கிடை போட்டிருந்தபோது தோட்டத்தில் வந்து மேய்கிற மான்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் தலை குனிந்திருந்தால் தூரத்தில் கல் மாதிரி கிடக்கும். எல்லாம் தலை தூக்கினால் உங்களைப் பார்த்துவிட்டது, அடுத்த நொடி ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. ரெண்டு மூன்று தலை தூக்கியிருக்கும், ஒன்று நடந்துகொண்டிருக்கும், ஒன்று திரும்பி முதுகைச் சொறியும். அப்போது எடுங்கள்.

எங்கள் அப்பாவிடம் எந்த ஆட்டுப் படத்தைக் காட்டினாலும் முதலில் எண்ணுவார். எண்ண முடியவில்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கொக்கிரகுளம் | டிசம்பர் 29, காலை 10:40

கிடைக்காரர் மகனே, உங்கள் அப்பா சொல்வதுதான் பாடம். ‘எண்ண முடிகிறதா?’ இதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது. ஆயிரம் மிருகம் இருந்தால் அது பாய் விரித்த மாதிரி ஆகிவிடும், எண்ண வேண்டாம். நம் ஊரில் கிடைப்பது பத்து, பன்னிரண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு மானின் தலை இன்னொன்றின் முதுகில் முளைத்தால் படம் போச்சு.

சரி, இனி உயரம். நாற்பது வருடத்தில் நான் கற்றதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

சமதரையில், உங்கள் கேமரா தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறதோ, அடிவானக் கோடு எல்லாப் பொருளையும் அதே உயரத்தில்தான் வெட்டும். பொருள் பத்து மீட்டரில் இருந்தாலும் சரி, இருநூறு மீட்டரில் இருந்தாலும் சரி. நீங்கள் நின்றபடி எடுத்தீர்கள், கேமரா ஒன்றரை மீட்டரில் இருந்தது. மான் தலை தூக்கினாலும் அவ்வளவு உயரம் வராது. அதனால் பன்னிரண்டு மானும் அடிவானத்துக்குக் கீழே, தரைக்குள் மூழ்கிக் கிடந்தன. பிணை மானின் நிறமும் காய்ந்த புல்லின் நிறமும் ஏறக்குறைய ஒன்று. கறுத்த கலை மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

இப்போது முழங்காலுக்குக் கீழே, 40 செ.மீ. உயரத்தில் கேமராவை வையுங்கள். அடிவானம் மானின் வயிற்றோடு போகும். முதுகு, கழுத்து, முறுக்குக் கொம்பு எல்லாம் வானத்தில் ஏறிவிடும். 31 பிக்சல் மான்கூட வெளிச்ச வானத்தில் கறுப்பாக நின்றால் மான் என்று குழந்தைக்கும் தெரியும். லென்ஸ் அதேதான், தூரமும் அதேதான். நாம் குந்தி உட்கார்ந்ததுதான் வித்தியாசம். நடுவில் ஒரு புதரோ மேடோ இருந்தால் இது நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்னால் வானத்துக்குப் பதில் பொத்தை நின்றால் கணக்கு வேறு. பொத்தைக்கு மேற்கே நில்லுங்கள். காலையில் சூரியன் பொத்தையின் தோளைத் தாண்டி வரும்போது, பொத்தையின் மேற்கு முகம் இன்னும் நிழலில் கறுத்துக் கிடக்கும். மான்களின் முதுகில் மட்டும் வெளிச்சக் கோடு விழும். அந்தப் பத்து நிமிடத்தில் பழுப்பு மானும் தெரியும். அப்புறம் வெயில் ஏறிவிட்டால் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம்.

விகேபுரம் சாரல் | டிசம்பர் 29, பகல் 1:18

அண்ணாச்சி குந்தச் சொல்கிறார், நான் ஏறச் சொல்கிறேன். :)

கூந்தன்குளத்தில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 1994-இல் சரணாலயமான குளம், 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் வந்தது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். கரைக்குக் கீழே இறங்கி நின்று எடுத்தால் முந்நூறு வாத்தும் ஒரு கோடு. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும். கரை மேல் ஏறினால் கண் உயரம் ஒன்றரை மீட்டரிலிருந்து நாலரை, ஐந்துக்குப் போகும், கூட்டத்தின் ஆழமும் மூன்று மடங்கு விரிந்து தெரியும். வாத்துக்கும் வாத்துக்கும் நடுவில் தண்ணீர் தெரிய ஆரம்பிக்கும். கிடைக்காரர் அப்பா எண்ணலாம்.

ஆகக் கூட்டம் சின்னதாக, வானம் வெறுமையாக இருந்தால் குந்துங்கள். கூட்டம் பெரிதாக, தரையோ தண்ணீரோ அழகாக இருந்தால் ஏறுங்கள். நின்ற உயரத்தில் எடுப்பதுதான் இரண்டும் கெட்டான்.

பாளைத் தம்பி, உங்கள் 16-35-ஐ அங்கே எடுத்துப் போங்கள். கருக்கலில் வாத்துகள் வயலுக்கு மேயக் கிளம்பும்போது தலைக்கு மேலேயே போகும். வானம் முழுக்கக் கோடு கோடாக. அதற்குத்தான் அந்த லென்ஸ். ஊருக்குள் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டியிருக்கும், ஓட்டுக்கூரை, கோலம், மேலே மரம் நிறையப் பறவை, எல்லாம் ஒரே பிரேமில் வரும். அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். நாம் போய்க் கைதட்டிப் பறக்கவிட்டுப் படமெடுத்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத மாட்டேன், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து மலையில் வைட் லென்ஸை நம்பி யானைக்கோ காட்டுமாட்டுக்கோ கிட்டே போகாதீர்கள். வண்டியை விட்டு இறங்கவே கூடாத இடம் அது. அந்த லென்ஸில் பார்க்கும்போது எல்லாம் தூரமாகத் தெரியும், அதுதான் ஆபத்து.

முக்கூடல் மணல் | டிசம்பர் 29, பகல் 3:02

போனில் முடியுமா அக்கா?

விகேபுரம் சாரல் | டிசம்பர் 29, பகல் 3:30

முடியும். போனின் சாதாரணக் கேமராவே 24, 26 மி.மீ. கணக்குத்தான். ‘0.5’ என்று இருப்பதைத் தொடாதீர்கள், மான் காணாமல் போய்விடும். குந்துவதும் ஏறுவதும் போனுக்கும் பொது. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு இன்னும் கிட்டே வரும்.

தச்சநல்லூர் தம்பி | டிசம்பர் 29, இரவு 8:11

டிரோன் விட்டால் இந்தக் குந்துவது, ஏறுவது ஒன்றும் வேண்டாமே?

விகேபுரம் சாரல் | டிசம்பர் 29, இரவு 8:14

சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் டிரோன் விட்டால் வனத்துறை பிடிக்கும். வெளிமான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற மிருகம் தம்பி. அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் வேலி, ரோடு என்று பார்க்காமல் ஓடும். ஓடிய கூட்டத்தை எடுத்து ‘காட்டின் துள்ளல்’ என்று தலைப்பும் போடுவார்கள்.

நாங்குநேரி நத்தை | டிசம்பர் 30, காலை 6:45

அகலம் வேண்டுமென்றால் பனோரமா, பல படத்தை ஒட்டி ஒரே அகலப் படமாக்குவது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 50 மி.மீ.யில், ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு ஏறி வருகிற மாதிரி ஐந்தாறு படம். ஒட்டினால் வைட் லென்ஸின் அகலமும் கிடைக்கும், மானும் பெரிதாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, பட்டது. போன வருடம் மான்கள் இடமிருந்து வலமாக நடந்துகொண்டிருந்தன, நானும் இடமிருந்து வலமாகவே சுழற்றினேன். ஒட்டிப் பார்த்தால் ஒரே கலை மூன்று இடத்தில் நிற்கிறது. கங்கைகொண்டானில் எடுத்தது என்று நினைத்த நண்பன், ‘அங்கே புள்ளிமான்தானே, கறுப்புக் கலை மூன்று எப்படி வந்தது’ என்று கேட்டான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இப்போதெல்லாம் கூட்டம் முழுவதையும் முதலில் ஒரே பிரேமில் பிடித்துவிடுகிறேன். அப்புறம் இரண்டு பக்கமும் வெறும் நிலத்தை நிதானமாக எடுத்துச் சேர்க்கிறேன். நிலம் எங்கும் ஓடாது.

பாளை சைக்கிள் | ஜனவரி 11, இரவு 10:02

மூன்று படம் ஏற்றியிருக்கிறேன். மூன்றும் ஆடுதான். மானுக்கு முன்னால் ஆட்டில் பழகலாம் என்று தோன்றியது. சீவலப்பேரி ரோட்டில் ஒரு கிடை, விடிகாலை ஐந்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். முதல் படம் நின்று எடுத்தது, இரண்டாவது குந்தி எடுத்தது, மூன்றாவது வாய்க்கால் கரை மேல் ஏறி. அண்ணாச்சி சொன்னதை அப்போதுதான் நம்பினேன். இரண்டாவது படத்தில் அடிவானக் கோடு அத்தனை ஆட்டுக்கும் ஒரே உயரத்தில் போகிறது, நூல் பிடித்த மாதிரி.

கொக்கிரகுளம் | ஜனவரி 12, காலை 5:44

இரண்டாவது நன்று. ஆனால் முன்னால் பாதிப் படம் வெறும் மண். வைட் லென்ஸில் காலடி மண்தான் பெரிதாக வரும், அதனால் காலடியில் ஏதாவது இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். குளம்புத் தடம், ஒரு எருக்கஞ்செடி, தண்ணீர் தேங்கிய வண்டித்தடம், எதுவானாலும் சரி. அது கூட்டத்தை நோக்கிப் போனால் இன்னும் நல்லது. 24 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 8, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில் வைத்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். ஃபோகஸைப் பற்றி மறந்துவிட்டுத் தலைகளைப் பாருங்கள்.

பாளை சைக்கிள் | ஜனவரி 27, இரவு 9:20

மறுபடியும் வல்லநாடு. இந்தத் தடவை பொத்தைக்கு மேற்கே, 35 மி.மீ., குந்தி. ஒன்றே கால் மணி நேரம் அசையாமல் இருந்தேன், கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. முன்னால் மழைத்தண்ணீர் ஓடிக் காய்ந்த ஒரு தடம், அது வளைந்து போய் முடிகிற இடத்தில் கூட்டம். வெயில் பொத்தைத் தோளுக்கு வந்தபோது எடுத்தது இது. வலது ஓரத்தில் ஒரு மின்கோபுரம் வந்துவிட்டது, மன்னிக்கவும்.

தச்சநல்லூர் தம்பி | ஜனவரி 27, இரவு 9:26

அட்டகாசம்! கோபுரத்தை அழித்துவிடுங்கள், ரெண்டு நிமிட வேலை. நானே செய்து தரட்டுமா?

விகேபுரம் சாரல் | ஜனவரி 27, இரவு 9:50

அழிக்காதீர்கள். வெளிமான் வாழும் தென்கோடி இடம் இது. மொத்தமே 16 சதுர கி.மீ. சொச்சம், 1987-இல் சரணாலயம் ஆனது. ஒரு பக்கம் தூத்துக்குடி நெடுஞ்சாலை, சுற்றிலும் வயலும் ஊரும். கோபுரம் இல்லாத வல்லநாட்டைக் காட்டினால் அது எந்த ஊர்?

நாங்குநேரி நத்தை | ஜனவரி 27, இரவு 10:05

எனக்கு அந்தக் கோபுரம் கண்ணை உறுத்துகிறது அக்கா. அழிப்பது வேறு, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தால் பிரேமிலேயே வந்திருக்காது. அது பொய் இல்லையே?

விகேபுரம் சாரல் | ஜனவரி 27, இரவு 10:09

இரண்டு அடியில் கோபுரம் எங்கே நகரும்? கேமராவைத்தான் இடது பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கொக்கிரகுளம் | ஜனவரி 28, காலை 5:48

பிலிம் காலத்தில் அழிக்க வழியில்லை, அதனால் இந்தச் சண்டையும் இல்லை. திருப்பினால் அந்த நீர்த்தடம் போய்விடும், எனக்குத் தடம் வேண்டும். கோபுரம் இருந்துவிட்டுப் போகட்டும். ஓரத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்குங்கள்.

கலை ஓரமாகத் தனியே நிற்பதும், நடுவில் இரண்டு பிணைக்கு இடையே ஒரு மான் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருப்பதும் நன்றாக அமைந்திருக்கிறது. காத்திருந்தீர்களா, தானாக வந்ததா?

பாளை சைக்கிள் | ஜனவரி 28, காலை 7:03

பொய் சொல்லக் கூடாது அண்ணாச்சி. பிணைகள் இரண்டும் ஒட்டி நின்றன, ஒன்று விலகட்டும் என்று இருபது நிமிடம் காத்திருந்தேன். கலை தானாக வந்தது.

கிடைக்காரர் அண்ணன் எங்கே? அப்பாவிடம் காட்டினீர்களா? மொத்தம் ஒன்பது மான், ஒன்றையொன்று மறைக்காமல்.

கிடைக்காரன் மகன் | ஜனவரி 28, இரவு 7:35

இப்போதுதான் வயலிலிருந்து வந்தார், காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து எண்ணினார். பத்து என்கிறார்.

பாளை சைக்கிள் | ஜனவரி 28, இரவு 7:41

ஒன்பதுதான் அண்ணே. நான் அங்கேயே எண்ணினேன்.

கிடைக்காரன் மகன் | ஜனவரி 28, இரவு 7:52

இடது ஓரத்து உடைமரத்தின் அடியைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்கிறார். நிழலுக்குள் ரெண்டு காது.

பாளை சைக்கிள் | ஜனவரி 28, இரவு 8:10

பத்துதான்.